பாட்டியாக மாறிய சண்முகம்

உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் அவ்வையார் நாடகம் போடுகிறார்கள். நீங்கள்தான் அவ்வை! கையில் கோல், தலையில் வெள்ளை முடி, வளைந்த முதுகு... இவை மட்டும் போதும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால், இந்த வேடத்தாலேயே தம் பெயருக்கு முன்னால் 'அவ்வை' என்ற பட்டம் பெற்ற ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்தான் டி.கே.சண்முகம். 1912ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர். பெண் வேடங்களில் பெயர் பெற்றவர். 1918இல் சண்முகம் தம் அண்ணன்மாரோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 6! நீங்கள் ஒன்றாம் வகுப்பில் 'அ, ஆ' எழுதிய வயது.

அங்கே ராஜாவும் சிறுவன்தான்; ராணியும் சிறுவன்தான். மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும், பேச வேண்டும். சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவருக்காகவே அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். 1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் சகோதரர்கள் நால்வரும் சொந்தமாக நாடக சபை தொடங்கி, ஊர் ஊராகச் சென்று நடித்தார்கள்.

1940களில் அவர்கள் அவ்வையார் நாடகத்தை மேடையேற்றினார்கள். அப்போது சண்முகம் 30 வயதை ஒட்டிய இளைஞர். அவர் தள்ளாத பாட்டியாக மாற வேண்டும். நடையோ குரலோ கொஞ்சம் பிசகினாலும் சபையே சிரித்துவிடும்!

நடையும் குரலும் மட்டுமா? மனமும் மாற வேண்டுமே! அவ்வைக்கும் தகடூர் மன்னன் அதியமானுக்கும் இருந்த நட்பு லேசானது அல்ல. அவன் அரசன், அவர் ஏழைப் புலவர். கொடைக்கானல் மலையில் அடுக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு மலைச்சரிவு என்று பொருள். அப்படிப்பட்ட ஒரு மலையின் பிளவில் விளைந்த அரிய நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. அதன் பெருமையைச் சொல்லாமலே அவ்வைக்குக் கொடுத்துவிட்டான்.

ஆனால், அதே அதியமான் ஒருமுறை பரிசு கொடுக்கத் தாமதித்தான். அவ்வைக்குக் கோபம் வந்துவிட்டது! தமக்குப் போக வேறு ஊர்கள் உண்டு என்று வாயிற்காவலனிடமே சொல்லிவிட்டார். பிறகு அந்த நண்பனுக்காகவே காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். அதியமான் போரில் இறந்தபோது மனம் உடைந்து பாடினார். இவை எல்லாம் புறநானூற்றில் இருக்கின்றன.

அன்பு, ரோஷம், துணிவு, துயரம் - இத்தனையும் சேர்ந்ததுதான் அவ்வை. அந்தப் பாட்டியை மக்கள் சண்முகத்திடம் கண்டார்கள். அதனால்தான் அவர் 'அவ்வை சண்முகம்' ஆனார். 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1973இல் மறைந்தார். சென்னையில் ஒரு பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர்.

குழந்தைகளே, வேடத்துக்கு வெள்ளை முடி கடையில் கிடைக்கும். ஆனால், கோபித்துக்கொண்ட நண்பனுக்காகவே தூது போகும் மனம் எந்தக் கடையிலும் கிடைக்காது. நீங்கள் சண்டை போட்ட நண்பனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேடை ஏறுங்கள். அவ்வை தானாக வருவார்!