வெள்ளைப் புடவைக்கு வந்த விருது

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பழைய 'ஔவையார்' படம். கூட உட்கார்ந்திருந்த என் அம்மா, பாட்டோடு பாட்டாக முணுமுணுத்தார்! அப்பா போன நாலு வருஷமாக வாய் திறந்து பாடாதவர். முன்பெல்லாம் எங்கள் சொந்தத்தில் நலங்கு என்றால் அம்மா பாட்டுதான். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. இவரும் பின்வரிசையில் உட்கார்ந்து கொள்கிறார்.

அதனால்தான் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதத் தோன்றியது.

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையால் ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை. நாடகத்துக்கு வந்து எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கைப்பிடித்தார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வெறும் 25 வயசு. அன்று கட்டிய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்கவும் இல்லை. அதற்காக மூலையில் முடங்கினாரா என்ன? 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில்! 1951-ல் சட்ட மேலவை உறுப்பினர். 1953-ல் ஔவையார்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1969-ல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது வயசு 60-ஐத் தாண்டியாச்சு. அடுத்து 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க பெரியவங்கடி" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாசம் நாத்தனார் மகளுக்கு நலங்கு. அம்மாதான் பாடணும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் இன்னும் பதில் சொல்லவில்லை.

- ஒரு வாசகி, ஐயப்பன்தாங்கல், சென்னை-56.