பெர்லினா, லண்டனா? ஒரு செங்கல்பட்டுக்காரரின் 1936

சிறுசேரி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிஞ்சு, கேப்ல உட்கார்ந்துக்கிட்டு இதைப் படிக்கிறீங்களா? உங்க ஆபீஸ் இருக்கிற இடம் முன்னாடி பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதே மாவட்டத்தின் மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்த ஒருத்தர், இந்தியாவுக்காக கிரிக்கெட்டும் ஆடினார், ஹாக்கியும் ஆடினார். பெயர், எம்.ஜே.கோபாலன்.

சின்ன வயசுலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துடுச்சு. அங்கே வேகப்பந்து வீசிக்கிட்டிருந்த பையனைக் கவனிச்சவர், சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய கிரிக்கெட்டர். பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். ஐ.பி.எல் ஏலம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியறது கஷ்டம்தான். அப்போ ஆட்டத்தை நம்பி வாழ முடியாது. மாசச் சம்பளம் ஆபீஸ்ல, ஆட்டம் மைதானத்துல!

1934 ஜனவரியில் கொல்கத்தாவில், ஜார்டினின் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். விக்கெட் ஒண்ணே ஒண்ணு. அதே வருஷம் நவம்பர் 4-ம் தேதி, சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்ச், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டித் தொடரின் முதல் பந்தை வீசியது நம்ம கோபாலன். மைசூர் 48, அப்புறம் 59 ரன்னுக்கு ஆல் அவுட். ஒரே நாளில் மேட்ச் காலி! ஆனா, அன்னிக்கு 11 விக்கெட் எடுத்து ஹீரோ ஆனது ஏ.ஜி.ராம் சிங்.

1935-ல் கையில் ஹாக்கி மட்டை. தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் கோபாலனும் இருந்தார். ஆடின 48 மேட்ச்சிலும் இந்தியாவுக்கே வெற்றி.

அடுத்த வருஷம்தான் சிக்கல். ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்கு கிரிக்கெட் டூர். ரெண்டும் ஒரே கோடைக்காலத்தில். நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

அந்த டூருக்குக் கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது 'விஸ்ஸி'. ஆட்டத்தைவிட செல்வாக்கால் அந்தப் பதவிக்கு வந்தவர். லாலா அமர்நாத்தையே பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்ட டீம் அது. மூணு டெஸ்ட்டிலும் கோபாலனுக்கு இடமில்லை. ஆகஸ்ட் 15-ம் தேதி பெர்லினில் தயான் சந்த் அணி ஜெர்மனியை 8-1 என நொறுக்கித் தங்கம் வாங்கியது. தங்கம் வாங்கிய டீமில் இருந்திருக்க வேண்டியவர், இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச்சை வெளியே இருந்து பார்த்துக்கிட்டிருந்தார். எனக்கென்னவோ, அவர் எடுத்த முடிவைத் தப்புன்னு சொல்லத் தோணலை. அணிக்குத் தேர்வானவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவிடாமல் உட்கார வெச்சதுதான் உறுத்துது.

அதுக்கப்புறம் டெஸ்ட் வாய்ப்பே வரலை. மெட்ராஸுக்காக மட்டும் வருஷக்கணக்கில் பந்து வீசினார், பிறகு தேசியத் தேர்வாளரானார். 1952-53-ல் மெட்ராஸும் சிலோனும் மோத ஒரு கோப்பை ஆரம்பிச்சப்போ, அதற்கு வெச்ச பெயர் கோபாலன் டிராஃபி. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்காத காலத்தில், அந்த ஊர் வீரர்களுக்கு அது பெரிய மேடை. 1964-ல் பத்மஸ்ரீ.

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானபோது, பதிவேட்டின்படி அவருக்கு வயசு 94. அன்று உயிரோடிருந்த டெஸ்ட் கிரிக்கெட்டர்களில் உலகத்திலேயே மூத்தவர் அவர்தான். ஆடினது அந்த ஒரே டெஸ்ட்.