அலைகளை ஆண்ட அறிஞர் ஜெகதீஷ் சந்திர போஸ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்தின் முனையில் என் தந்தையாரின் தகரப் பட்டறை இருக்கிறது. பொழுது விடிந்தால் அங்கே சுத்தியல் ஓசைதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினேன். அது தவறு என்று எனக்கு உணர்த்திய பெருமகனின் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்காள தேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் போஸின் பக்கத்தில் அமர்ந்து படித்தனர். காசிமேட்டு நண்பர்களோடு ஒரே பெஞ்சில் அமரும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். வீட்டில் கடன் சுமை இருந்தும், மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் அரசு பணிந்தது. முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது. அதைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார்.

ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை. கருவிகள் செய்யத் துணை நின்றவர் பள்ளிப் படிப்பற்ற ஒரு தகரத் தொழிலாளி! இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அக்கருவிகளால் 5 மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய மின்காந்த அலைகளை அவர் உண்டாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலை தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது; வெடிமருந்தைப் பற்ற வைத்தது. ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகி, அலைகளை ஆராயும் கருவியாக்கினார். கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தால் அலையுணர் கருவி செய்தார். அதற்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தும், பொருள் சேர்க்க அதைப் பயன்படுத்தவில்லை. 1917இல் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவிய அவர், 1937 நவம்பர் 23 அன்று மறைந்தார்.

நம் சென்னையிலும் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் வானொலிக் கழகம் தொடங்கி ஒலிபரப்பினார். அன்று அலையைத் தேர்வதற்கு ஓர் உறுப்பு, ஒலியைப் பிரிப்பதற்கு ஓர் உறுப்பு என்று எல்லாம் தனித்தனியே வேண்டும். இன்றைய மென்பொருள் வானொலியில் சிறு மின்பலகை அலையை எண்களாக மாற்றித் தருவதோடு சரி. எஞ்சியதைக் கணினி நிரல் கவனிக்கும். எந்த அலைவரிசை, நொடிக்கு எத்தனை எண்கள், எவ்வளவு பெருக்கம் என்று நிரல் கட்டளையிடும், பலகை பணியும். தொலைக்காட்சிக்காகச் செய்த விலை மலிவான குச்சி ஒன்றே இதற்குப் போதும் என்று 2012இல் உலகம் அறிந்தது. அது நொடிக்குச் சுமார் 24 இலட்சம் அளவீடுகளைக் கணினிக்கு அனுப்பும்.

ரிச்சி தெருவில் அத்தகைய குச்சி ஒன்றை வாங்கினேன். 101.4 மெகா ஹெர்ட்சில் சென்னை வானொலியைத் தேடினால் இரைச்சலே மிகுந்தது. விவரம் கேட்ட அப்பா, ஒன்றும் பேசாமல் 70 சென்டிமீட்டர் அளவில் இரண்டு தகரப் பட்டைகள் வெட்டித் தந்தார். அவை அலைவாங்கி ஆயின. குச்சியை மூட ஒரு தகரப் பெட்டியும் செய்தார். வெளி மின்சாரத் தொல்லை அடங்கியது. பாட்டுத் தெளிவாகக் கேட்டது. அப்பா சிரித்தார்.

அலையின் அளவை நான் கணக்கிட்டேன். அதற்கு உருவம் கொடுத்தவர் அவர். கல்கத்தாச் சிற்றறையில் நடந்ததும் இதுதானே!

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் தகரத் தொழிலாளி என்று தெளிவாக எழுதினேன். தோழர்களே, கருவி இல்லை என்று கலங்க வேண்டாம். நம் வீட்டுக் கைகளே நமக்கு முதல் ஆய்வுக்கூடம்.