பிரசங்கி ஸ்பர்ஜன்

சமயப் பிரசங்கிகளுள் என் உள்ளத்தை விட்டகலாதவர் சார்ள்ஸ் ஸ்பர்ஜன். 1834இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலே பிறந்து, இருபது வயது நிரம்புமுன்னரே இலண்டனிற் பாப்டிஸ்ற் சபையொன்றின் போதகரானவர் அவர். மீட்புப் பெறுவோரை இறைவன் முன்னரே தெரிந்தெடுத்தார் என்னும் கல்வினியக் கொள்கையை அவர் எள்ளளவும் விட்டாரல்லர். ஆயினும், கேட்டோர் அனைவரையும் மனந்திரும்புமாறு கூவியழைத்தார். அழைப்பு முறையன்றென்று கடுங் கல்வினியர் சினந்தனர். கொள்கை கொடிதென்று ஏனையோர் இகழ்ந்தனர். இரு சாராருக்கும் அவர் வளையாமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1856 ஒக்டோபர் 19ஆம் நாளிரவு, சறே தோட்ட இசை மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருக்க, தீப்பற்றியதென்று எவரோ பொய்க்கூச்சலிட்டனர். நெரிசலில் எழுவர் மாண்டனர். இருபத்திரண்டே வயதான போதகர் மனமுடைந்து வீழ்ந்தார். இரண்டு வாரத்தில் மீண்டும் பிரசங்கித்தாராயினும், அத்துயரம் ஆயுள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. 1887இல், கோட்பாடு தளர்கின்றதென்று பாப்டிஸ்ற் ஒன்றியத்தினின்றும் விலகிய அவர், 1892இல் பிரான்சிலே காலமானார்.