தொலைபேசிக் கணக்கர் எர்லாங்

திருப்பதிச் சாலை கல்கத்தா நெடுஞ்சாலையைத் தொடுமிடத்தில் இருக்கிறது எங்கள் ஊராகிய நாயுடுபேட்டை. தெலுங்கு நாடாயினும் எங்கள் வீட்டில் தமிழே பேச்சு. அந்நாளில் சென்னையிலிருந்த தமையனாரோடு பேச என் பாட்டனார் டிரங்க் கால் பதிந்துவிட்டு அரை நாள் காத்துக் கிடப்பாராம். கம்பி ஒழியவில்லை என்பதே விடை. ஒருநாள் இணைப்புக் கிடைத்தபோது தமையனார் மறைந்து சில நாழிகை ஆகியிருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டனாரின் குரல் கம்மிவிடும்.

எத்தனை கம்பிகள் இருந்தால் எத்தனை பேர் தடையின்றிப் பேசலாம்? இக்கேள்விக்குக் கணக்கால் விடை கண்டவர் டென்மார்க் நாட்டு அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங்.

தோழர்களே, அவரை இப்போது நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மன்றத்தினர் சிலர் கூடி, மாணவர்களுக்கெனத் திறமூலச் சமூகத் தளம் ஒன்றை அமைக்க முற்பட்டிருக்கிறோம். அதன் பின்புலத்தை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்று மூன்று மாலைகள் வாதாடினோம். எல்லோருக்கும் தெரிந்தது பைத்தான் என்றனர் சிலர். மாஸ்டடான் தளம் ரூபியில் அன்றோ எழுந்தது என்றனர் சிலர். எர்லாங் மொழி என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே பலர் அறியார்.

1878 சனவரி முதல் நாள், ஜட்லாந்துப் பகுதியில் லான்போர்க் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மகனாக அவர் பிறந்தார். பதினான்காம் வயதிலேயே தனி இசைவு பெற்றுப் பல்கலைக்கழக முன்தேர்வு எழுதித் தேறினார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1901இல் முதுகலைப் பட்டம் பெற்றபின், ஏழாண்டுகள் பள்ளிகளில் பாடஞ் சொன்னார். கணிதச் சங்கத்தில் பழகிய யென்சன் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். அவர் வாயிலாக 1908இல் அக்கம்பெனியில் சேர்ந்தார். அளவெடுக்க வேண்டுமானால் நகரத் தெருக்களின் குழிகளுக்குள் தாமே ஏணி வைத்து இறங்குவார். கணக்கர் என்றால் நாற்காலியை விட்டு எழாதவர் என்று எண்ணும் நமக்கு இது வியப்புத்தான்!

மக்கள் தத்தம் விருப்பப்படி பேச வரும் ஒழுங்கற்ற வரவிலும் ஓர் ஒழுங்கு உண்டென்று 1909இல் காட்டினார். 1917இல் புகழ்பெற்ற வாய்பாடுகளைத் தந்தார். மணிக்கு இருபது பேர் மும்மூன்று நிமிடம் பேசுவதாகக் கொள்வோம். இரண்டு கம்பிகள் இருந்தால் ஐந்தில் ஒருவருக்கு இடம் கிடைக்காது. ஐந்து கம்பிகள் இருந்தாலோ, ஆயிரத்தில் ஏறக்குறைய மூவருக்கே அந்நிலை. மூன்று கம்பிகள் கூடியதால் விளைந்த வேறுபாட்டைப் பாருங்கள்!

மணம் செய்துகொள்ளாத அவர் நூல்களையே செல்வமாகச் சேர்த்தார். உதவி நாடி வந்தவர்களுக்கு ஓசையின்றி உதவினார். 1929 பிப்ரவரி 3ஆம் நாள், அறுவை மருத்துவத்துக்குப்பின், 51ஆம் வயதில் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு அவர் பெயரையே உலகம் சூட்டியது.

1986இல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில், இணைப்பகங்களுக்காக ஆர்ம்ஸ்ட்ராங் முதலியோர் ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதற்கும் அவர் பெயரே அமைந்தது. ஒவ்வோர் உரையாடலும் தனித்தனிச் சிறு செயலாக ஓடும். ஒன்று முறிந்தால் மற்றவை விழா. 1998இல் அது திறமூலமாயிற்று. அம்மொழியைக் கொண்டுதான் வாட்ஸ்அப் 2012இல் ஒரே கணிப்பொறியில் இருபது இலட்சம் இணைப்புகளைத் தாங்கியது.

இவ்வளவும் சொன்னபின் தோழி ஒருத்தி கேட்டாள்: நாம் பட்டம் பெற்றுப் போனபின் இம்மொழி அறிந்து தளத்தைப் பேண வருபவர் யார்? எனக்கு விடை வரவில்லை. எர்லாங்காக இருந்தால் முதலில் அளந்திருப்பார் என்று மட்டும் சொன்னேன். நம் விடுதியில் ஒரு மாலையில் எத்தனை செய்திகள் பறக்கின்றன என்று இவ்வாரம் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். எண்ணிக்கை சிறிதானால் பைத்தானே போதும் என்று ஒப்புக்கொள்வதாக வாக்களித்திருக்கிறேன். உள்ளுக்குள் மட்டும், அது பெரிதாக வரவேண்டுமென்று ஓர் ஆசை.