ரேஸுக்காக வீட்டையே வித்தவர்... ஜில் வில்னவ் கதை தெரியுமா?

ரிமோட் கன்ட்ரோல் கார் ரேஸிங் பண்ற ஃப்ரெண்டு யாராவது உங்களுக்கு இருந்தா, ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. கார் வாங்குனதுல எவ்வளவு செலவாச்சுன்னு இல்ல, வாங்குனதுக்கு அப்புறம் எவ்வளவு ஆச்சுன்னு. முகம் மாறிடும். பெட்டியில வர்ற கிட்டுல பாதிப் பேருக்கு மோட்டாரும் பேட்டரியும் கூட இருக்காது. அதைத் தனியா வாங்கணும். டயர் தேயும். சஸ்பென்ஷன் கை உடையும். பக்கத்துல ஓட்டுறவர் புது மோட்டார் போட்டுட்டு வந்தா, போன மாசம் வரைக்கும் வேகமா இருந்த உங்க கார் இந்த மாசம் மெதுவான கார். உங்க கார்ல எதுவும் குறையல. ஆனா நீங்க பின்னாடி போயிட்டீங்க.

உள்ளங்கை அளவு காருக்கே இந்த நிலைமைன்னா, ஆள் உட்கார்ந்து ஓட்டுற காருக்கு என்ன ஆகும்? அதுக்கு பதில் வேணும்னா கனடாக்காரர் ஒருத்தரோட வாழ்க்கையைப் பார்க்கணும். பேரு ஜில் வில்னவ். ஃபெராரி ரசிகர்கள் இன்னைக்கும் அந்தப் பேரைச் சொன்னா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க. 67 ஃபார்முலா ஒன் ரேஸ்ல அவர் ஜெயிச்சது 6 தான். உலக சாம்பியன் ஆகவே இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

1950 ஜனவரி 18, கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா பியானோ சுருதி சேர்க்கும் தொழில் செய்தவர். பையன் ட்ரம்பெட் வாசிச்சான். பணக்காரக் குடும்பம் கிடையாது. ரேஸ் டிரைவர்கள் பல பேருக்கு இருந்த மாதிரி அப்பா கம்பெனியோ, பரம்பரைச் சொத்தோ இல்லை. சொந்தமா வெச்சிருந்த ஒரு ஃபோர்டு மஸ்டாங்கை மாற்றியமைச்சு, நேர்கோட்டுல ஓட்டுற டிராக் ரேஸ்லதான் ஆரம்பிச்சார்.

க்யூபெக்ல குளிர்காலம் நீளம். அங்கே பனியில் ஓடும் ஸ்னோமொபைல் ரேஸ் ரொம்பப் பிரபலம். அந்த வண்டியைப் பெரிய தொழிலா மாத்துன பொம்பார்டியர் கம்பெனியே அந்த மாகாணத்துக்காரங்கதான். வில்னவ்வுக்கு அதுதான் சம்பளம் கொடுத்த வேலை. முன்னாடி போற வண்டி கிளப்புற பனித்தூள்ல எதுவுமே தெரியாது. வண்டி எப்பவும் வழுக்கிக்கிட்டே போகும். அதுல கைப் பழக்கம் வந்தவருக்கு மழையில கார் ஓட்டுறது பெரிய பயமா இல்ல. 1974-ல் அமெரிக்காவின் ஈகிள் ரிவரில் நடந்த ஸ்னோமொபைல் உலகப் போட்டியையும் ஜெயிச்சார்.

கோடைக்காலத்துல கார். 1973-ல் தொடக்க நிலைப் பந்தயமான ஃபார்முலா ஃபோர்டில், சொந்தமா வெச்சிருந்த பழைய காரை ஓட்டி, 10 ரேஸ்ல 7 ஜெயிச்சு க்யூபெக் சாம்பியன் ஆனார். இங்கே கொஞ்சம் நிறுத்திப் படிங்க. பழைய காரை வெச்சு ஜெயிக்கறது அந்தப் படிவரைக்கும்தான் நடக்கும். அடுத்த படி ஃபார்முலா அட்லான்டிக். அங்கே நல்ல சேஸிஸ், நல்ல இன்ஜின், மெக்கானிக், கண்டம் முழுக்கப் பயணம் எல்லாத்துக்கும் பணம் கட்டணும். திறமை இருக்கான்னு கேட்கறதுக்கு முன்னாடி காசு இருக்கான்னு கேட்பாங்க.

வில்னவ்கிட்ட இருந்த ஒரே சொத்து, குடும்பத்தோட தங்கியிருந்த மொபைல் ஹோம். அதாவது லாரியில ஏத்திக் கொண்டுபோய் ஓர் இடத்துல நிறுத்திக் குடியிருக்கிற வீடு. 1974-ல் அதை வித்தார். அப்போ மகன் ஜாக்குக்கு 3 வயசுகூட முழுசா ஆகல. மகள் மெலனிக்கு ஒரு வயசு ஆகல.

இதைத் தியாகம்னு எழுதத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு அப்படித் தோணல. வித்தது அவரோட வீடு மட்டும் இல்லையே? மனைவி ஜோனோட வீடும்தானே? ரேஸ்ல தோத்தா என்ன ஆகும்னு யோசிக்க வேண்டிய பாரத்தை அவங்க தலையிலயும் வெச்சார். பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னவங்க பெரும்பாலும் ஜில்லோட தைரியத்தைத்தான் சொன்னாங்க. கைக்குழந்தையோட அந்த வருஷத்தை ஓட்டின ஜோன் பத்தி ஒரு வரியில முடிச்சிடுவாங்க.

அந்த வருஷம் நல்லாவும் போகல. ஜூலையில் மோஸ்போர்ட் டிராக்கில் விபத்து, இடது கால் உடைஞ்சது. சீசன் போச்சு, பணம் போச்சு. குளிர்காலம் வந்ததும் மறுபடி ஸ்னோமொபைல். 1975-ல் ஒரு ஸ்னோமொபைல் கம்பெனி ஸ்பான்சரா வர, தனியா ஒரு காரை வெச்சுக்கிட்டு ஓட்டினார். கனடாவின் கிம்லியில் கொட்டுற மழையில், பின்வரிசையிலிருந்து கிளம்பி முதல் அட்லான்டிக் வெற்றி. காசு குறைஞ்ச டீமுக்கு மழை ஒரு வரம். எல்லாருடைய காரும் வழுக்கும்போது விலை உயர்ந்த இன்ஜினுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

1976-ல் ஒரு நல்ல டீம் கிடைச்சது. அப்போ பாருங்க வித்தியாசத்தை... அமெரிக்க, கனடா பட்டங்கள் ரெண்டையும் தூக்கினார்; ஓட்டின ரேஸ்கள்ல ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் வெற்றி. அதே ஆள், அதே கைகள். மாறினது வண்டியும் அதைப் பார்த்துக்க ஆளும்தான். அதிலும் சீசன் பாதியில ஸ்பான்சர் பணம் நின்னு, காஸ்தோன் பராந் என்ற மாண்ட்ரியல் தொழிலதிபர் கைகொடுக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் த்ருவா-ரிவியேர் ஊர்த் தெருக்களில் நடந்த ரேஸுக்கு ஐரோப்பாவிலிருந்து பெரிய பேர்கள் வந்திருந்தாங்க. வில்னவ் முதலிடம், ஆலன் ஜோன்ஸ் இரண்டாவது, ஜேம்ஸ் ஹன்ட் மூன்றாவது. அந்த வருஷமே உலக சாம்பியன் ஆனவர் ஹன்ட். ஜோன்ஸ் 1980-ல் ஆனார்.

ஊருக்குத் திரும்பின ஹன்ட் தன் டீமான மெக்லாரனிடம் வில்னவ்வைப் பத்திச் சொன்னார். 1977 ஜூலை, பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் முதல் ஃபார்முலா ஒன் ரேஸ். டீமின் மத்த ரெண்டு பேருக்கும் புது கார், இவருக்கு மட்டும் பழைய மாடல். அதை வெச்சே 9-வது இடத்தில் கிளம்பினார், புது கார் ஓட்டின டீம் டிரைவர் ஜோகன் மாஸுக்கு முன்னாடி. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்த வருஷத்துக்கு மெக்லாரன் எடுத்தது பாட்ரிக் தாம்பேயை. வில்னவ்வை எடுத்தது ஃபெராரி.

இங்கிருந்து பணக் கவலை இல்லை. ஹெலிகாப்டர் வாங்கினார், மொனாக்கோவில் வீடு. ஆனா இன்னொரு கணக்கு ஆரம்பிச்சது. 1977 ஜப்பான் ரேஸ்ல இவர் கார் இன்னொரு காரில் மோதிப் பறந்து விழுந்ததுல, பார்க்கக் கூடாத பகுதியில் நின்னுக்கிட்டிருந்தவங்கள்ல ரெண்டு பேர் இறந்தாங்க. ரசிகர்கள் யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது 1979 டிஜோனில் ரெனே ஆர்னூவோடு அவர் நடத்தின ரெண்டாவது இடத்துக்கான சண்டையை. கண்டிப்பா பாருங்க, சக்கரத்தோடு சக்கரம் உரசுது. கூடவே அந்த ஜப்பான் ரேஸும் ஞாபகம் இருக்கட்டும்.

1979-ல் 3 வெற்றி, 4 புள்ளி வித்தியாசத்துல பட்டம் போச்சு. ஜெயிச்சது சொந்த டீம் ஜோடி ஜோடி ஷெக்டர். அடுத்த வருஷம் ஃபெராரியோட கார் பழசாகிப் போச்சு. உலக சாம்பியனும் வில்னவ்வும் சேர்ந்து எடுத்தது மொத்தம் 8 புள்ளி. ஒரே வருஷம்தான். பக்கத்துக் கடைக்காரர் புது மோட்டார் போட்ட கதை, இந்தத் தடவை ஃபெராரிக்கு.

1982-ல் இந்தச் செலவுப் போட்டி விளையாட்டையே ரெண்டாகப் பிளந்தது. ஃபெராரி, ரெனோ மாதிரி கார் கம்பெனிகள்கிட்ட டர்போ இன்ஜின். பிரிட்டிஷ் சின்ன டீம்கள்கிட்ட கடையில வாங்கற ஃபோர்டு இன்ஜின். சக்தியில ஈடுகட்ட முடியாம, பிரேக்கைக் குளிரவைக்கற தண்ணித் தொட்டின்னு ஒண்ணை வெச்சு, ரேஸ்ல தண்ணியைக் கொட்டிட்டு எடையைக் குறைச்சு ஓட்டினாங்க. தகுதிநீக்கம் வந்தது. கோபத்துல பெரும்பாலான பிரிட்டிஷ் டீம்கள் ஏப்ரல் 25 இமோலா ரேஸைப் புறக்கணிச்சாங்க. மைதானத்தில் 14 கார்தான். ரெனோக்கள் பழுதாகி நிக்க, ரெண்டு ஃபெராரி மட்டும் முன்னாடி. வேகத்தைக் குறைக்கச் சொல்லி டீம் பலகை காட்டுச்சு. சக டிரைவர் டிடியே பிரோனி கடைசி லேப்ல முந்திப் போய் ஜெயிச்சிட்டார். வில்னவ் அதைத் துரோகமாவே எடுத்துக்கிட்டார். அவரோட அதுக்கப்புறம் பேசவே இல்லை.

13 நாள் கழிச்சு, மே 8. பெல்ஜியத்தின் ஸோல்டர். தகுதிச் சுற்று. அப்போ அதுக்குன்னே தனி டயர் உண்டு. ரொம்ப மிருதுவானது, ஒண்ணு ரெண்டு லேப்தான் முழு வேகம் தரும், அப்புறம் குப்பை. ஒரு டிரைவருக்கு ரெண்டே செட். அந்த ஒரு லேப்ல எதிரே மெதுவான கார் வந்தா, விட்டுக்கொடுத்தா நேரம் போயிடும், இன்னொரு டயரும் கிடையாது. பிரோனி சுமார் 0.1 விநாடி முன்னாடி இருந்தார். வில்னவ் கடைசி செட்டில் இருந்தார். எதிரே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது ஜோகன் மாஸின் கார். வழிவிட மாஸ் வலப்பக்கம் நகர்ந்தார், முந்த வில்னவ்வும் வலப்பக்கம் வந்தார். அன்று இரவு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

வயசு 30-னு பல பேர் நினைச்சாங்க. உண்மையில் 32. ஃபார்முலா ஒன்னுக்குத் தாமதமா வந்தவர், இளைஞனா தெரியணும்னு ரெண்டு வருஷத்தைக் குறைச்சுச் சொல்லியிருந்தார். பணம் சேர்க்கவே போன வருஷங்கள் அவை.

அவரோட 27-ம் எண் ஃபெராரியில் அடுத்து உட்கார்ந்தவர், அன்னைக்கு மெக்லாரன் எடுத்த அதே தாம்பே. மகன் ஜாக் 1993-ல் அப்பா வந்த அதே ஃபார்முலா அட்லான்டிக் வழியாத்தான் வந்தார், ஒரு பெரிய சிகரெட் கம்பெனியின் ஸ்பான்சரோட. எந்த வீட்டையும் விற்க வேண்டியிருக்கல. 1995-ல் இண்டியானாபொலிஸ் 500 ரேஸை ஜெயிச்சப்போ அவர் காரில் இருந்த எண் 27. ரெண்டு வருஷம் கழிச்சு, 1997-ல், அப்பாவுக்குக் கிடைக்காத உலகப் பட்டமும் அவர் கைக்கு வந்தது.