ஊருக்கே கணக்குப் போட்ட ஆடிட்டர்

மாணவர்களே! உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் வாழ எத்தனை ஏக்கரில் நெல், எத்தனை ஏக்கரில் பருப்பு, எத்தனை ஏக்கரில் காய்கறி பயிரிட வேண்டும்? இப்படி ஒரு கணக்கை உட்கார்ந்து போட்டவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் பிறந்த அவருக்கு ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்று பெயர். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் நல்ல வருமானம். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு வரிப்பணம் எங்கே போகிறது என்று ஆராய்ந்தார். ஆங்கிலேயர் நம்மைச் சுரண்டுவது அப்போதுதான் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

1929 மே மாதம், சபர்மதி ஆசிரமத்தில் காந்திஜியைப் பார்க்கப் போனார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். அங்கே மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் ராட்டை நூற்றுக் கொண்டிருந்தார். சற்று நேரம் வேடிக்கை பார்த்த பிறகுதான் அவரே காந்திஜி என்று தெரிந்தது! பட்டுக் கோட்டும் சூட்டுமாக இருந்த குமரப்பா அதே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் கதர் உடுத்தினார். பெயரையும் குமரப்பா என்று மாற்றிக் கொண்டார்.

காந்திஜி அவரைக் குஜராத்தின் மாதர் தாலுகாவுக்கு அனுப்பினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வரவு செலவைக் கேட்டு எழுதினார் குமரப்பா. பம்பாயில் முதலாளிகளின் கணக்கைப் பார்த்தவர் இப்போது குடியானவர் கணக்கைப் பார்த்தார். 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அவரே செயலாளர்.

நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 அவுன்ஸ் தானியம், 8 அவுன்ஸ் காய்கறி, இதுபோக 4 அவுன்ஸ் கிழங்கு, 4 அவுன்ஸ் பழம், கூடவே பருப்பு, பால், வெல்லம் என்று பட்டியல் போட்டார். 8 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 225 கிராம். அதாவது அரிசியில் பாதி எடைக்குக் காய்கறி! உங்கள் தட்டைப் பாருங்கள். குவித்த சோற்றின் ஓரத்தில் எத்தனை துண்டு கத்தரிக்காய் கிடக்கிறது? அதையும் ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு, எனக்குத் தெரியும்!

நம் காவிரிக் கரையில் எங்கு பார்த்தாலும் நெல்தான். ஆனால் நெல் மட்டும் விளைந்தால் போதாது என்றார் அவர். கிராமத்து நிலத்தைப் பிரித்து, அந்த ஊர் மக்களுக்கு வேண்டிய காய், கனி, பயறு எல்லாம் அங்கேயே விளைய வேண்டும். இதற்குச் சமநிலைச் சாகுபடி என்று பெயர். உணவு விளையும் நிலத்தில் காசுக்காகப் புகையிலை போடுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியும் அவருக்குப் பிடிக்காது. தவிட்டோடு சத்தும் போய்விடுகிறதே! கைக்குத்தல் அரிசியே மேல் என்று ஊர் ஊராகச் சொன்னார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு பெரிய ஆலைகள் பக்கம் சாய்ந்தது. குமரப்பாவின் கணக்கு பின்னுக்குப் போனது. விட்டாரா மனிதர்? வார்தா அருகே சேல்டோ கிராமத்தில் நிலத்தில் இறங்கித் தாமே செய்து பார்த்தார். மராத்தி பேசும் ஊரில் அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர், பண்ணை ஆசிரமம்!

உடல்நலம் கெட்டதால் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். அவர் அறையில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் இருந்தது. யார் இவர் என்று கேட்பவர்களிடம், தம் குரு காந்திஜிக்கும் இவரே குரு என்பாராம்.

1960 ஜனவரி 30-ல், காந்திஜி மறைந்த அதே தேதியில், குமரப்பா காலமானார்.